சேலை என்ன நிறம்?

பேலியகொடை மீன்சந்தைக்கு விடியற்புறத்திலே ஐஸ்கட்டிகளைச் சாக்கால் மூடி ஏற்றிச் செல்லும் லொறிகள், தெரு நீளத்துக்கு நீர் சொட்டச் சொட்ட எங்கள் ஒழுங்கை வாயிலைக் கடந்து போகும்போதெல்லாம், அறுபது ஆண்டுகளுக்கு முன் கொட்டாஞ்சேனையிலே ஒரு புகைப்பட ஸ்ரூடியோவின் பின்னறையில் நான் கண்ட எனாமல் தட்டொன்று என் மனக்கண்முன் வந்து நிற்கும். அத்தட்டிலே படங் கழுவும் இரசாயன நீர் இருந்தது. அதைத் தாங்கிய பெரிய தட்டிலே உடைத்த ஐஸ் இருந்தது. அந்த ஐஸ், அக்காலத்திற் புறக்கோட்டையில் நடந்த சென்ற் ஜோன்ஸ் மீன்சந்தைப் பக்கத்திலிருந்து காலையிலே சைக்கிளில் வந்து இறங்கியது. சந்தை 2011-இல் களனி ஆற்றைக் கடந்து எங்கள் ஊருக்கே வந்துவிட்டது. அந்த ஸ்ரூடியோ இருந்த இடத்தை இன்று எனக்கே அடையாளங் காட்ட இயலாது.

படம் கழுவுவதற்கு ஐஸ் எதற்கு என்று இளைய வாசகர் வினவக்கூடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குரிய இரசாயன முறைகளெல்லாம் குளிர்தேசங்களிலே வகுக்கப்பட்டவை. அவற்றின் கணக்குக்கள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் வெப்பத்தை ஆதாரமாகக் கொண்டவை. கொழும்பிலோ மார்கழி மாதத்து நள்ளிரவிற் கூடக் குழாய் நீர் அவ்வளவு குளிர்ந்து வருவதில்லை. மிருகங்களின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுக்கப்படும் ஜெலற்றின் என்ற பசையிலேதான் ஒளியை உணரும் வெள்ளி உப்புக்கள் தோய்ந்து கிடக்கின்றன. வெந்நீர் போன்ற எங்கள் நீரில் அந்தப் பசை ஊதிப் பெருத்து, ஓரங்களிலே சுருங்கி, சில வேளை கண்ணாடியை விட்டே கழன்று வந்துவிடும். ஆகையால் நம்முடைய பழைய படப்பிடிப்பாளர்கள் ஒரு பக்கம் ஐஸையும் மறுபக்கம் குரோம் படிக்காரத்தையும் துணைக்கொண்டு, வெளியூர்ச் சாஸ்திரத்தை உள்ளூர் வெயிலோடு இணங்க வைத்தார்கள். அவ்விணக்கத்திலே அவர்கள் அடைந்த தேர்ச்சியை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது எனக்கு எப்போதும் வருத்தந் தருவது.

1961-ஆம் ஆண்டு, எனக்கு எட்டு வயதிருக்கும்போது, எங்கள் குடும்பமாக அங்கே ஒரு படம் எடுத்துக்கொண்டோம். தந்தையார் கதிரையில் அமர்ந்தார். தாயார் அரக்குச் சிவப்புக் காஞ்சிபுரச் சேலையில் அருகே நின்றார். தமக்கையார் இளநீலச் சட்டையும் நான் காக்கிக் காற்சட்டையுமாக முன்னே நின்றோம். படம் பிடிக்குமுன் எங்கள் எல்லோருக்கும், தந்தையாருக்கும் சேர்த்து, பவுடர் பூசப்பட்டது. ஸ்ரூடியோவிலே கண்ணாடியும் சீப்பும் பவுடர் டப்பாவும் வைத்திருந்ததை வெறும் அலங்கார ஆசையென்று நான் வெகுகாலம் எண்ணியிருந்தேன். அதன் காரணம் ஒளியின் சாஸ்திரத்திலே இருந்ததென்பதைப் பின்னரே அறிந்தேன்.

கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தை மட்டும் நீக்கிவிட்டு மற்ற யாவற்றையும் உள்ளபடி பதிக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மை அதுவன்று. வெள்ளி உப்புக்கள் தம் இயல்பிலே நீல ஒளியையும் அதற்கு அப்பாலுள்ள கண்ணுக்குத் தெரியாத கதிர்களையுமே உணர்வன. 1873-இல் ஹேர்மன் வோகல் என்ற ஜேர்மானிய இரசாயன அறிஞர், சில சாயங்களை அவற்றோடு சேர்த்தாற் பச்சை ஒளியையும் உணரச் செய்யலாம் என்று கண்டார். அந்த வழியிலே வந்ததுதான் ஓர்த்தோகுரோமற்றிக் என வழங்கிய பிலிம். அதற்குச் சிவப்புத் தெரியாது. செவ்வரத்தம்பூ அதிலே கறுப்பாக விழும். நெற்றியிலிட்ட குங்குமம் கறுத்த புள்ளியாகும். நீலவானம் வெறும் வெள்ளைக் காகிதமாகும். செம்மை கலந்த எங்கள் மாநிற மேனி இரண்டுபடி கறுத்துவிடும். பவுடர் அந்தக் குறையை நிரப்ப வந்தது. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமற்றிக் பிலிம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விற்பனைக்கு வந்துவிட்டதாயினும், சிறு ஸ்ரூடியோக்காரர் சிலர் பழைய வகையை எளிதிற் கைவிடவில்லை. அதன் சிவப்புக் குருட்டினாலேயே அதைச் சிவப்பு விளக்கின் கீழ் வைத்து, உருவம் மெல்ல மெல்லத் தோன்றி வருவதைக் கண்ணாற் பார்த்தபடி, போதும் என்று தோன்றிய கணத்திலே எடுத்துவிட முடிந்தது. புதிய பிலிமை முழு இருளில், கடிகாரத்தை நம்பியே கழுவவேண்டும். இவ்விதமாகத் தாயாரின் அரக்குச் சிவப்புச் சேலை அன்றைய படத்திலே கரிக்கறுப்பாக விழுந்தது.

ஆனால் நாங்கள் கறுப்புப் படத்தோடு நின்றுவிடவில்லை. இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றுக்கு நிறமூட்டித் தரும்படி தந்தையார் சொல்லியிருந்தார். அந்த வேலையைச் செய்தவர் முன்னறையிலே சன்னலோரத்திலே இருந்தார். அவருக்கு முன்னாற் சிறிய குழாய்களிலே எண்ணெய் வர்ணங்கள் கிடந்தன. தூரிகையென்று பெரிதாக எதுவுமில்லை. தென்னோலை ஈர்க்கிலின் நுனியிலே பஞ்சைச் சுற்றி, வர்ணத்தில் ஒற்றி, மங்கலான தாளில் அச்சிட்ட படத்தின்மேல் வட்டம் வட்டமாகத் தேய்த்து, பிறகு வேறு பஞ்சால் அதை ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டார். துடைத்த பின்னும் தங்கிய வர்ணமே படத்துக்குரிய வர்ணம். அதன் அடியிலே வெள்ளியின் நிழல் அப்படியே தெரிந்தபடியாற் சேலையின் மடிப்பு மடிப்பாகவே இருந்தது. கன்னத்துக்கு ஒரு நிறம், உதட்டுக்கு ஒரு நிறம், கடைசியாக நகைக்கு மஞ்சள். மஞ்சள் காய்ந்தபின் கத்தி முனையால் அட்டியலின் ஒவ்வொரு மணியிலும் ஒரு புள்ளி கீறிவிட்டார், அது மினுங்கியது.

அவர் வேலையைத் தொடங்குமுன் தந்தையாரைப் பார்த்துக் கேட்டது எனக்கு இன்றும் காதில் ஒலிக்கிறது.

"ஐயா, அம்மாவின்ர சேலை என்ன நிறம்?"

"சிவப்பு" என்றார் தந்தையார்.

"குங்குமச் சிவப்போ, அரக்கோ?"

தந்தையார் சற்று யோசித்தார். மறுநாட் காலை அச்சேலையையே பத்திரிகைத் தாளிற் சுற்றி என் கையிற் கொடுத்து அனுப்பினார். நிறமூட்டுபவர் அதன் முந்தானையைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, படத்துக்குரிய கடித உறையின் பின்புறத்திலே "சேலை அரக்கு, கரை பொன், பிள்ளையின் சட்டை இளநீலம்" என்று பென்சிலால் எழுதிக்கொண்டார். வர்ணப் படம் என்பது அக்காலத்திலே பார்த்தவர் சொல்லக் கேட்டுப் பாராதவர் எழுதும் சாட்சியமாக இருந்தது.

சாட்சி சொல்ல ஆளில்லாத இடத்தில் நேர்ந்ததையும் நாம் அறிவோம். 1890-இல் கொழும்பிலே தொடங்கிய பிளாட்டே நிறுவனம் முதலியோர் வெளியிட்ட பழைய இலங்கை அஞ்சலட்டைகளைச் சேகரிப்போரிடம் பார்த்தால், கறுப்பு வெள்ளையில் எடுத்து வர்ணமேற்றி அச்சிட்டவை பல கிடைக்கும். அக்கால அஞ்சலட்டைகளிற் பெருந்தொகையானவை ஜேர்மனி முதலிய தேசங்களின் அச்சுக்கூடங்களிலே தயாராயின. இந்த நாட்டுத் தென்னையையோ செம்மண் தெருவையோ ஒருபோதுங் காணாத கைகளே அவற்றிற் பலவற்றுக்கு நிறம் நிச்சயித்திருக்கவேண்டும். அவற்றின் வானத்திலே எங்கள் நண்பகலின் கண் கூசும் வெண்மை இல்லை. ஐரோப்பிய மாலைப்பொழுதின் ரோஜாநிறம் படிந்திருக்கிறது.

இயற்கையின் நிறத்தை இயற்கையே எழுதும்படி செய்யவேண்டுமென்ற பிரயத்தனம் இதற்கெல்லாம் முற்பட்டது. ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்ற ஸ்கொட்லாந்து விஞ்ஞானி 1861-ஆம் ஆண்டு மே மாதத்திலே இலண்டன் றோயல் இன்ஸ்ரிரியூஷனில், கட்டம்போட்ட நாடா ஒன்றைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று வடிகளினூடாக மூன்று முறை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை, அதே நிற ஒளிகளால் திரையிலே ஒன்றன்மேலொன்றாக விழச்செய்து, நாடாவின் நிறங்களை மீண்டும் தோன்றச் செய்தார். மூன்று நிறங்களின் கலப்பே கண்ணுக்குப் புலனாகும் யாவும் என்ற தத்துவம் அங்கே நிரூபணமாயிற்று. விசேஷம் என்னவெனில், அவர் கைக்கொண்ட தகட்டுக்குச் சிவப்புத் தெரியாது. வோகலின் கண்டுபிடிப்புக்கு இன்னும் பன்னிரண்டாண்டுகள் இருந்தன. அப்படியிருக்கச் சிவப்பு எவ்வாறு பதிந்தது என்ற புதிர் 1961-இலேதான் அவிழ்ந்தது: நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத ஊதாவுக்கப்பாற்பட்ட கதிர்களையும் பிரதிபலித்ததென்றும், சிவப்பு வடி அவற்றைத் தடுக்காது விட்டதென்றும் ஆராய்ச்சியாளர் கண்டனர். எங்கள் குடும்பப்படம் எடுத்த அதே ஆண்டு என்பதனாலே இச்செய்தியில் எனக்குத் தனிப்பற்று.

பிரான்ஸிலே லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்கு விட்ட ஓட்டோகுரோம் தகடு, உருளைக்கிழங்கு மாவின் நுண்மணிகளைச் செம்மஞ்சள், பச்சை, ஊதா என மூன்று நிறத்தில் தோய்த்துக் கண்ணாடியின்மேற் பரப்பி, இடைவெளிகளைக் கரிப்பொடியால் அடைத்துச் செய்யப்பட்டது. அல்பேர்ட் கான் என்ற பிரெஞ்சுத் தனவந்தர் அத்தகடுகளோடு ஆட்களை உலகமெங்கும் அனுப்பிச் சேர்த்த படங்கள் 72,000. கிழங்குமாவினாலே எழுதிய அந்த உலகத்தைப் பார்க்கும்போது மனத்திலே உண்டாகும் நெகிழ்ச்சி, பின்வந்த எந்தப் படத்தாலும் எனக்கு உண்டானதில்லை. ஆயினும் அத்தகடு ஒன்றே ஒன்று. அதிலிருந்து காகிதத்தில் எளிதாகப் பிரதி எடுக்க வழியில்லை. ஒளியையும் அது மிகக் குறைவாகவே உண்டது. அசையும் குழந்தையை அது பிடிக்காது.

1935-இல் வந்தது கொடாக்குறோம். முதலிற் சினிமாப் பிலிமாகவும் மறுவருடம் கமராவுக்குரிய றோலாகவும் அது வெளிவந்தது. அதைக் கண்டறிந்த லியோபோல்ட் மன்னெஸ், லியோபோல்ட் கொடொவ்ஸ்கி என்ற இருவரும் சங்கீத வித்துவான்கள். ஒருவர் பியானோ, மற்றவர் வயலின். ஒரே பிலிமிலே மூன்று உணர்படைகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, நீலத்தை உணரும் படையிலே மஞ்சட் சாயமும், பச்சையை உணரும் படையிலே மஜெந்தா என்ற செவ்வூதாச் சாயமும், சிவப்பை உணரும் படையிலே சயான் என்ற பசுநீலச் சாயமும் கழுவும் வேளையில் உண்டாகச் செய்வது அதன் சூத்திரம். சாயங்கள் அமைந்ததும், உருவத்தை முதலிலே பிடித்துத் தந்த வெள்ளி முழுவதும் வெளுத்துக் கரைத்து நீக்கப்படுகிறது. பின்வந்த ஏனைய வர்ண பிலிம்களும் வர்ணத் தாள்களும் விவரங்களில் வேறுபட்டாலும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்தவையே: வெள்ளி வந்து வேலையைச் செய்துவிட்டுப் போய்விடுகிறது, எஞ்சுவது சாயம். வாசகர் இதனை மனத்திலே இருத்திக்கொள்ளவேண்டும். எங்கள் வீட்டு அல்பங்களுக்குப் பின்னாளில் நேர்ந்ததெல்லாம் இதிலே அடங்கியிருக்கிறது.

இக்காலத்திலேயே கொழும்பில் வாழ்ந்தவர் லயனல் வென்ட். 1900-இற் பிறந்து, இங்கிலாந்தில் சட்டங் கற்று, பியானோவிலே பெயர்பெற்று, பசில் றைற் எடுத்த "சோங் ஒப் சிலோன்" என்ற படத்துக்குக் குரல் கொடுத்து, 1943-இல் இலங்கையின் புதிய ஓவியர்களை ஒன்றுசேர்த்த குழுவுக்குத் தம் இல்லத்தையே கூடமாக்கிய அவர், 1944 மார்கழியிலே காலமானார். அவருடைய படங்களிலே மீனவனின் முதுகும், வாழையிலையின் நரம்பும், கடற்கரை மணலில் விழும் தென்னை நிழலும், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட எண்ணற்ற சாம்பல் நிறங்களிலே வாழ்கின்றன. அவர் மறைந்தபின் அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டன. அவர் தம் கையால் அச்சிட்ட பிரதிகளிலிருந்தே 1950-இல் நூல் வெளிவந்தது. அந்தப் பிரதிகள் இன்னும் கறுப்பு கறுப்பாகவே இருக்கின்றன, வெள்ளியினால் ஆனபடியால்.

வென்டின் படங்களைக் காட்டி, கலையென்றாற் கறுப்பு வெள்ளையே என்று வாதிடுவோரை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜெய்ப்பூரிற் பிறந்த ரகுபீர் சிங் என்ற மாபெரும் படப்பிடிப்பாளர், கறுப்பு வெள்ளையே கௌரவமென மேலைநாட்டார் கொண்டிருந்த காலத்தில், இந்தியனுடைய பார்வையிலே நிறம் பிறவியோடு கூடியது என்று வற்புறுத்தி, 1999-இல் இறக்கும்வரை வர்ணத்திலேயே கங்கையையும் ராஜஸ்தானையும் எடுத்தார். ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவிலிருந்து தேர் புறப்படும்போது காவடிகளின் மயிற்பீலியையும், பெண்களின் சேலைகளையும், செவ்வரத்தம் மாலைகளையும் பார்த்து வளர்ந்த கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்கு அவர் சொல்வது விளங்கும். தேரைக் கறுப்பு வெள்ளையிலே பார்த்தால் மரவேலை தெரிகிறது, திருவிழா தெரிவதில்லை.

சாதாரண சனங்களின் கண் வர்ணத்துக்குப் பழகியது திரையரங்கிலேதான். 1956-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த "அலிபாபாவும் 40 திருடர்களும்" தமிழின் முதல் முழுநீள வர்ணப்படமாக வந்தது. 1962-இல் திருகோணமலைக் கடலடிக் காட்சிகளோடு "ரன் முத்து தூவ" சிங்களத்தின் முதல் வர்ணப்படமாக வந்தது. திரையிலே கண்ட நிறம் வீட்டு அல்பத்துக்கு வர மேலும் பதினைந்தாண்டுகள் சென்றன. அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும், 1970-இலிருந்து 1977 வரை நிலவிய கடுமையான இறக்குமதித் தடைகளும், வர்ண றோலை வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரின் பெட்டியிலே எதிர்பார்க்கும் பொருளாக்கிவிட்டன. கிடைத்த றோலையும் மனம்போலச் செலவழிக்க எவருக்கும் துணிவு வராது. பன்னிரண்டு படத்திலே இரண்டைப் பொங்கலுக்கும் இரண்டைச் சாமத்தியச் சடங்குக்கும் என்று ஒதுக்கிவைத்த வீடுகளை நான் அறிவேன்.

1977-இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் எல்லாம் விரைந்து மாறிற்று. யப்பானிலிருந்து பிலிமும் தாளும் வந்தன; பின்னர் ஓர் அறைக்குள் அடங்கும் இயந்திரம் ஒன்றே பிலிமைக் கழுவி, மணித்தியாலத்துக்குள் படமாக்கித் தரும் "கலர் லாப்"கள் காலி வீதியிலும் புறக்கோட்டையிலும் தோன்றின. 1982 பெப்ரவரி 15-ஆந் திகதி ரூபவாஹினி தன் வர்ண ஒளிபரப்பைத் தொடங்கியபோது கறுப்பு வெள்ளை என்ற சொல்லே பழமைக்கு மறுபெயராயிற்று.

இந்த மாற்றத்தினாலே ஸ்ரூடியோவின் உள்ளே நிகழ்ந்தது வெளியிலுள்ளோருக்குப் புலப்படவில்லை. வர்ணத் தாள் எல்லா நிறங்களையும் உணர்வது. ஆகவே அதன் முன்னே பழைய சிவப்பு விளக்கு எரியலாகாது. உருவம் தட்டிலே மெல்லத் தோன்றுவதைப் பார்த்திருந்த மனிதர் அதன்பின் எதையும் பார்க்கவில்லை. 1972-இல் வந்து உலகமெங்கும் பொதுவாகிவிட்ட சீ-41 என்னும் முறைப்படி வர்ண நெகற்றிவை 38 பாகை வெப்பத்திலே சரியாக 3 நிமிடம் 15 வினாடி கழுவவேண்டும். அரைப்பாகை பிசகினாலும் முகத்திலே நீலமோ பச்சையோ ஏறிவிடும். குளிரவைக்கப் பழகிய கைக்குச் சூடேற்றி நிறுத்தும் வித்தை வேண்டியதாயிற்று. அது கைக்கு இயலாது, இயந்திரத்துக்கே இயலும். இயந்திரத்தின் விலையோ சிறு ஸ்ரூடியோ ஒன்றின் பல்லாண்டு வருமானம். ஆகவே கொட்டாஞ்சேனை ஸ்ரூடியோக்காரர் படம் பிடித்து றோலை லாப்புக்கு அனுப்பும் இடைத்தரகரானார். ஐஸ் வருவது நின்றது. சன்னலோரத்து மனிதர் சில காலம் கோயில் உற்சவப் பதாகைகளுக்கு எழுத்தெழுதினார் என்று கேள்வி. அதன்பின் அவரைப்பற்றி எனக்குத் தெரியவரவில்லை.

இதே கதை பெரிய அளவிலே உதகமண்டலத்திலும் நடந்தது. மாசற்ற குளிர்காற்றை நாடி நீலகிரியிலே 1960-இல் நிறுவப்பெற்று, 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற அரசாங்கத் தொழிற்சாலை, "இந்து" என்ற சந்திரன் பெயரிலே கறுப்பு வெள்ளைப் பிலிமும் தாளும் செய்து இந்தியாவெங்கும் விற்றது. வர்ண வெள்ளம் வந்தபோது அது ஈடுகொடுக்க முடியாமல் நலிந்து, முடிவில் மூடப்பட்டது.

எங்கள் ஸ்ரூடியோக்களுக்குக் கறுப்பு வெள்ளையிலே கடைசிவரை சோறு போட்டவை இரண்டு. ஒன்று மரணவீட்டு முப்பத்தோராம் நாளில் வெளியிடும் கல்வெட்டு என்னும் நினைவுநூலுக்குரிய படம். மற்றையது, 1972-இலிருந்து வழங்கத் தொடங்கிய தேசிய அடையாள அட்டை; அதற்குக் கறுப்பு வெள்ளைப் படமே நீண்டகாலம் வேண்டப்பட்டது. வீடெங்கும் வர்ணமாயிருந்த யுத்தகாலத்திலே, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் சோதனைச்சாவடிகளில் நாங்கள் நீட்டியது பவுடர் பூசாத அந்தக் கறுப்பு வெள்ளை முகத்தைத்தான்.

1983 ஆடிக் கலவரத்திலே, அப்போது நாங்கள் வாழ்ந்த வெள்ளவத்தை வீடு எரிந்தது. நிறமூட்டிய குடும்பப்படமும், 1979-இல் நடந்த தமக்கையாரின் திருமணத்து வர்ண அல்பமும், அவற்றின் நெகற்றிவ்களும் அதோடு போயின. உடுத்த துணியோடு பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதிமுகாமிலே இருந்த நாட்களிலே தாயார் பாத்திரங்களுக்காகவோ நகைக்காகவோ அழுததை நான் காணவில்லை. படங்களைச் சொல்லியே அழுதார். கொழும்பிலே அவ்வாறு முகமிழந்த குடும்பங்கள் எத்தனையோ. பிற்பாடு அவர்கள் தம் படங்களைத் திரும்பப் பெற்றது, நல்ல காலங்களிலே உறவினருக்குத் தபாலில் அனுப்பியிருந்த பிரதிகளிலிருந்துதான். எங்களுக்கு அவ்வாறு இரண்டு திரும்பி வந்தன. 1961-ஆம் ஆண்டுப் படத்தின் நிறமூட்டாத பிரதி நல்லூரிலே பெரியம்மாவின் றங்குப்பெட்டியிலே இருந்து, 1995 ஐப்பசி இடப்பெயர்விலே அவரோடு தென்மராட்சிக்குப் போய் மீண்டு வந்தது. தமக்கையாரின் வரவேற்புநாட் படம் ஒன்று இலண்டனிலே சித்தப்பா வீட்டு அல்பத்திலிருந்து வந்தது.

இரண்டையும் மேசையிலே அருகருகே வைத்துப் பார்த்த நாளை மறக்கமாட்டேன். மூத்தது, ஓரங்களில் மஞ்சள் படர்ந்து, மூலையொன்று மடிந்திருந்ததைத் தவிர, எடுத்த அன்றுபோலவே தெளிவாயிருந்தது. தந்தையாரின் கைக்கடிகாரத்து முள்ளைக்கூடக் காண முடிந்தது. ஏறக்குறைய இருபதாண்டு இளையதான வர்ணப் படமோ முழுவதும் சிவந்துபோயிருந்தது. அக்காலத்து வர்ணத் தாள்களிலே மூன்று சாயங்களிற் பசுநீலமே நிலைபேறு குறைந்தது. வெளிச்சமே படாத அல்பத்துக்குள்ளும் அது தானாகவே சிதைந்து மறையும். அது மறைய, மஞ்சளும் செவ்வூதாவும் எஞ்சிப் படத்தைச் செந்நிறமாக்கும். சுவரிலே வெயில்பட மாட்டிய படத்திலோ செவ்வூதாவே முதலில் அழியும், முகங்கள் பச்சையோடும். எங்கள் கடற்காற்றின் ஈரமும், ஒட்டும் பக்கங்களையுடைய அல்பங்களின் பசையும் இவற்றை விரைவுபடுத்துவன. அவ்வகை அல்பத்திலே பழைய படம் வைத்திருக்கும் வாசகர் இன்றே மெல்லப் பிரித்தெடுத்து, அமிலமற்ற காகித உறையிலே இட்டு, சமையலறைக்கும் கடற்பக்கச் சுவருக்கும் எட்டவுள்ள அலுமாரியிலே வைக்கும்படி வேண்டிக்கொள்கிறேன். தாயாரின் சிவப்புச் சேலையைப் பழைய பிலிம் கறுப்பாக்கியது. தமக்கையாரின் பச்சைச் சேலையைக் காலம் சிவப்பாக்கியது.

சென்ற வருடம் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையிலே படங்களைக் கணினியிற் புதுப்பித்துக் கொடுக்கும் ஓர் இளைஞரிடம் போனேன். பொறுமையான பிள்ளை. முதலிற் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கணினியிலே ஏற்றி, தானாக நிறமூட்டும் ஏற்பாடு ஒன்றிலே விட்டார். சில கணத்திலே எல்லோருக்கும் உயிர்வந்தது. தாயார் மட்டும் கருநீலச் சேலையில் நின்றார். கறுப்பிலே விழுந்த சிவப்பை அந்த ஏற்பாடு எவ்வாறு அறியும்? அவரும் என் முகத்தைப் பார்த்தே ஏதோ பிழையென்று உணர்ந்துகொண்டு, கதிரையைத் திருப்பிக் கேட்டார்.

"ஐயா, சேலை என்ன நிறம்?"

அரக்கு என்று சொன்னேன். கரை பொன் என்று சொன்னேன். அவர் விரல் நகர்த்த நகர்த்தத் தாயாரின் சேலை சிவந்து வந்தது.

மற்றப் படத்துக்கு என் ஞாபகம் போதவில்லை. பச்சையென்று தெரியும், எந்தப் பச்சையென்று தெரியவில்லை. கனடாவிலிருக்கும் தமக்கையாரைத் தொலைபேசியிலே அழைத்து, கணினித் திரை தெரியும்படி பிடித்தேன். அங்கே அப்போது விடியவில்லை. அக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இளைஞர் பசுநீலத்தைக் கூட்டினார். சிவந்திருந்த மண்டபச் சுவர் வெளுத்தது; மாப்பிள்ளையின் சட்டை வெண்மையாயிற்று; சேலையிலே மெல்லப் பச்சை ஊறிற்று.

"மயில்கழுத்துப் பச்சை, தம்பி" என்றார் அக்கா. "இன்னுங் கொஞ்சம் நீலம் சேருங்கோ."